சாவி திரும்பியது

உங்கள் ஸ்டேஷனில் இந்த நாற்காலியின் பின்கால் ஆடுகிறது. ஒரு அட்டையை மடித்து வைத்தால் நின்றுவிடும். உட்காருகிறவன் பதறட்டும் என்று விட்டுவைத்திருக்கிறீர்கள் போல. எனக்குப் பதற்றம் வருவதில்லை, ஐயா.

லிப்ட் பராமரிப்பு என் தொழில். செத்தவன் என் மனைவியின் தம்பி; என் கீழ் வேலை பார்த்தவன். கெட்டவன் இல்லை. 'நான்' போடாமல் பேசத் தெரியாது, அவ்வளவுதான். நான் தூங்கினேன் என்பான். தூக்கத்தைக்கூட அவனே செய்கிறானாம்.

செய்பவன் மேலே இருக்கிறான். நாம் வெறும் கருவி. பல் துலக்கும்போதே இதைச் சொல்லிக்கொள்வது என் வழக்கம். திருகாணியை முடுக்கியதற்காக ஸ்பேனருக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. எனக்குக் கொடுக்கிறார்கள்; அது உலக வழக்கம்.

அவனுக்கு இதெல்லாம் கேலி. "லிப்ட் ஓடுனா மாமா ஓட்டுனாரு. நின்னுபோச்சுன்னா பகவான் நிறுத்திட்டாரு. பாவம் பகவான், லீவே கிடையாது." என் மனைவி சிரிப்பாள். அக்காவும் தம்பியும் ஒரே அச்சு.

போன மாதம் ஒரு லிப்ட் கதவு ஒரு தையல்காரியின் கையை நசுக்கியது. குறுக்கே கை வந்தால் கதவை நிறுத்தும் சென்சாரின் வயர் கழன்றிருந்தது. கதவு சும்மா சும்மா திறக்கிறது என்று குடியிருப்பவர்கள் நச்சரித்தார்கள், கழன்றது. கழன்றபோது இந்த விரல்கள் பக்கத்தில் இருந்தன. அவளுக்கு இரண்டு விரல் போயிற்று. அவள் வினை.

இவன் ஆஸ்பத்திரிக்குப் போய் அவள் முன்னால் அழுதான். தான் கழற்றாத வயருக்குத் தான் மன்னிப்புக் கேட்டான். அகங்காரம் எந்த வேடத்திலெல்லாம் வருகிறது பாருங்கள். திரும்பி வந்து என்னிடம் கெடு வைத்தான்.

"நாளைக்கு நீங்களே ஆபீஸ்ல சொல்லிடுங்க மாமா. இல்லன்னா நான் சொல்லிடுவேன்."

"எது நடக்கணுமோ அது நடக்கும்டா."

"அதுவா நடக்காது மாமா. நீங்கதான் நடந்து போய்ச் சொல்லணும்."

மறுநாள் காலை, ஆபீசுக்குப் போகும் முன் ஒரு வேலை. லிப்டுக்கு அடியில் உள்ள குழியைச் சுத்தம் செய்ய அவன் இறங்கினான். ஆள் இறங்குவதற்கு முன் மேலே மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டிவிட வேண்டும். அது முறைப்படி நடந்தது. பழைய கட்டடம், குழியில் ஆழம் போதாது; லிப்ட் இறங்கி நின்றால் அடியில் ஆளுக்கு இடமில்லை. மின்சாரம் வந்தால் லிப்ட் தானாகத் தரைத்தளத்துக்கு இறங்கும்.

சாவி திரும்பியது. சுவிட்ச் ஏறியது. லிப்ட் இறங்கியது.

கீழிருந்து "மாமா, மாமா" என்று ஒரு குரல் கேட்டது. கேட்பவன் யார் என்று உள்ளுக்குள் விசாரித்துப் பார்த்தேன். விசாரணை முடிவதற்குள் குரல் நின்றுவிட்டது.

நீங்கள் விபத்து என்று முடித்துவிட்டீர்கள். மனைவியும் உங்களிடம் அழுதாளாம்: "பூட்டு சரியா விழுந்திருக்காது சார். அதுவா திறந்திருக்கும். அவர் என்ன பண்ணுவாரு?" அதோடு விட்டிருந்தால் வந்திருக்கமாட்டேன். நேற்று ஆபீசில் கூட்டம் போட்டார்கள். அரைகுறையாகப் பூட்டினால் இதுதான் கதி என்று என் பூட்டைத் தூக்கிக் காட்டினார்கள். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவன் எல்லாம் என்னைப் பார்த்துத் தலையாட்டினான்.

எழுதியதைத் திருத்துங்கள், ஐயா. பூட்டியது நான். இழுத்துப் பார்த்தது நான். திறந்ததும் நான். நான் போட்ட பூட்டு எதுவும் அதுவாகத் திறக்காது.