சவுக்குக் கழிகள்

உப்பைப் படம் பிடிப்பது நீங்கள் நினைக்கிற மாதிரி சுலபமான வேலை இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. வெள்ளைமேல் உச்சி வெயில் அடித்தால் பிலிமில் ஒன்றுமே விழாது. கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வெறுமையாக வரும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயங்காலம் உப்பு அம்பாரங்களின் நிழல் நீளும்போது எடுக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. புதுச்சேரியில் பழைய சாமான் கடையில் வாங்கிய பெட்டிக் கேமராவை வைத்துக்கொண்டு, பிலிமைப் பாழாக்கிப் பாழாக்கித் தெரிந்துகொண்டேன்.

நான் கிளியனூர்க்காரன். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன். எழுபத்தோராம் வருஷம் மரக்காணம் உப்பளத்துக்கு சூப்பர்வைசராக வந்தேன். இந்த ஊரில் பேச்சுக்கு ஆள் கிடையாது. கூலியையும் கருவாட்டையும் தாண்டி இவர்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. அதனால் நான் காலங்களைப் பார்க்கத் தொடங்கினேன். மாசியில் பாத்தித் தண்ணீரில் வானம் அப்படியே படுத்திருக்கும். சித்திரையில் உப்பு விளைந்து கண்ணைக் கூச வைக்கும். ஆடியில் மணலும் உப்புமாகக் காற்று முகத்தில் அறையும். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் பாத்தி, வரப்பு, வாய்க்கால் எல்லாம் ஒரே ஏரிதான். மார்கழிப் பனிக்குள் நாரைகள் நிற்கும். எல்லாவற்றையும் எடுத்தேன். என் பொழுதுபோக்கு அவ்வளவுதான்.

நேற்று நீங்கள் அந்தப் படங்களையெல்லாம் மேசைமேல் பரப்பிவிட்டு, “ஏம்பா பஞ்சநாதா, எல்லாத்துலயும் ஒரே பொம்பள இருக்குதே?” என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அம்சவள்ளி உப்பு சுமக்கிறவள். உப்பளத்தை எடுத்தால் உப்பு சுமக்கிறவளும் விழத்தான் செய்வாள். சித்திரைப் படத்தில் கூடையைத் தலைக்குத் தூக்குகிறாள். ஆடிப் படத்தில் பறக்கிற முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறாள். மார்கழியில் உப்பளத்தில் வேலை கிடையாது என்பது வாஸ்தவம். அதில் அவள் தன் குடிசை வாசலில் உட்கார்ந்து குளிர் காய்கிறாள். அந்தப் பக்கம் நான் நாரைகளைத் தேடிப் போயிருந்தேன்.

எந்தப் படத்திலும் அவள் லென்சைப் பார்க்கவில்லை. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று இந்தச் சனங்களுக்கு ஒரு பயம். கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்கு அது ஆறாத குறையாக இருந்தது, மறைப்பானேன். ஒரு தடவை நேராகப் பார்த்தால் போதும் என்று நினைத்தேன். அதற்குமேல் அவளிடம் நான் எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

அவள் புருஷன் அப்பாதுரை. என் கீழே பாத்தி வேலை பார்த்தவன். போன சித்திரையில், ஆட்கள் கூழ் குடிக்க உட்கார்ந்த நேரம், எல்லார் முன்னாலும் எழுந்து நின்றான்.

“சார், உப்பப் புடிங்க, வானத்தப் புடிங்க, யாரும் கேக்கல. எம் பொண்டாட்டிய எதுக்கு சார் புடிக்கிறீங்க?”

“நான் சீசனப் புடிக்கிறேன்பா” என்றேன்.

“சீசனுக்கு சேலை கட்டி வுட்டிருக்காங்களா சார்?” என்றான் மண்ணாங்கட்டி என்கிற கிழவன். கூழ் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நான் அடுத்த பாத்திக்கு நகர்ந்தேன். அப்பாதுரை அதோடு விடவில்லை, முதலாளி வரைக்கும் போனான். அவர் என்னைக் கூப்பிட்டு, அந்தக் கூலிக்காரன் நிற்கும்போதே, “பொட்டிய வூட்டுல வெச்சிட்டு வேலைக்கு வாய்யா” என்றார். அவன்மேல் ஆத்திரம் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. அவன் தலை தெரிந்தாலே எனக்குச் சோறு இறங்காது. ஆனால் நான் கை ஓங்கவில்லை, ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. வேலையில் அவனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

மழைக்காலத்து உப்பளத்தைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விற்காத உப்பை அம்பாரமாகக் குவித்துப் பனையோலையால் மூடிவைப்போம். காற்று ஓலையைத் தூக்கிவிட்டால் உடனே ஆள் போய்ச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மழையில் அம்பாரம் கரைந்துபோகும். போகிற வழி வரப்பு. அதுவோ தண்ணீருக்கு அடியில் இருக்கும். அதனால் மழை பிடிப்பதற்கு முன்பே வரப்பு ஓரமாகச் சவுக்குக் கழிகளை வரிசையாக நட்டுவிடுவோம். கழியை ஒட்டிக் கால் வைத்தால் கீழே வரப்பு இருக்கும். பாதி வழியில் உப்புத் தண்ணீர்க் கிணறு ஒன்று உண்டு. கோடையில் அதிலிருந்துதான் இன்ஜின் வைத்துப் பாத்திக்கு இறைப்போம். கைப்பிடிச் சுவர் கிடையாது. மழையில் அதுவும் தண்ணீரோடு தண்ணீராகிவிடும்.

வெளியூர்க்காரன் என்றால் காலால் தடவித் தடவித்தான் போவான்; பிழைத்துக்கொள்வான். இவர்கள் அப்படி இல்லை. தலையில் ஓலைக்கட்டு இருந்தாலும் கழியைப் பார்த்துவிட்டால் வீசி நடப்பார்கள். தடவி நடக்கிறவனை, “இன்னாடா, பொண்ணு பாக்க வந்தியா?” என்று கேலி செய்வார்கள். அவ்வளவு நம்பிக்கை.

கார்த்திகையில் ஒருநாள், மழை சற்று விட்ட நேரம், அந்தக் கழிகளைப் படமெடுக்கப் போனேன். வரிசை நேராக இருந்தது. நேர்கோடு படத்தில் உயிரில்லாமல் விழும். ஆகவே கிணற்றுப் பக்கம் இருந்த சில கழிகளைப் பிடுங்கி, வரிசை அழகாக வளையும்படி கிணற்றின் விளிம்பு வரைக்கும் தள்ளி நட்டேன். படத்துக்காகச் செய்தேன் என்று முதல் நாளே சொன்னேன், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள்.

பிறகு காற்று கிளம்பியது. கடைசி அம்பாரத்தின் ஓலை எழும்பியது. வரப்பு தொடங்குகிற இடத்துக் கொட்டகையில் மண்ணாங்கட்டியும் அப்பாதுரையும் இருந்தார்கள். கிழவனை டீ வாங்கிவர அனுப்பினேன். “அப்பாதுரை, நீ போய் ஓலைய இழுத்துக் கட்டிட்டு வாப்பா” என்றேன். அவன் வாலிபன், வயசானவனை அந்தக் காற்றில் அனுப்புவது முறையில்லை.

அவன் விழுந்ததைப் பார்த்தேன். முதலில் ஓலைக்கட்டுதான் மிதந்தது. அப்புறம் தலை தெரிந்தது. இவர்கள் பாத்தியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், மீனவர்களுக்குத் தெரிகிற மாதிரி இவர்களுக்கு நீச்சல் தெரியாது. “சார், கை குடுங்க சார்” என்று கூப்பிட்டான். மரியாதையாகத்தான் கூப்பிட்டான். எனக்கும் நீச்சல் தெரியாது. கொட்டகையில் உப்பு வாருகிற பலகை சாத்தியிருந்தது, அதன் பிடி நல்ல நீளம், எடுத்துப்போய் நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். மழை மறுபடி பலமாகப் பிடித்துக்கொண்டது. கேமரா நனையாமல் துண்டில் சுற்றிவைக்கிற வேலை எனக்கு இருந்தது.

மறுநாள் காலையில் அவனுடைய அண்ணன், பாவாடை என்று பேர், நனைந்துகொண்டு என் வீட்டுக்கு ஓடிவந்தான். உயிரோடு இருக்கும்போது படமே எடுத்துக்கொள்ளாதவர்கள் செத்தால், அவர்களைக் குளிப்பாட்டி, விபூதி பூசி, நாற்காலியில் உட்கார வைத்து, வீட்டாரைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொள்வது இங்கே வழக்கம். செத்த பிறகு ஆயுசு குறைய என்ன இருக்கிறது. திண்டிவனம் ஸ்டுடியோக்காரன்தான் வருவான். மழையில் ரோடு முழுகிவிட்டால் அவனாலும் வர முடியாது. முந்தின வருஷம் கொளஞ்சியம்மாள் என்கிற கிழவி செத்துப்போனபோதும் நான்தான் எடுத்தேன்.

“பழச மனசுல வெச்சிக்காதீங்க சார். எங்க தம்பி மொகம் எங்களுக்கு வோணும்” என்று பாவாடை கை கூப்பினான். சட்டை மாற்றிக்கொண்டு போனேன்.

அம்சவள்ளி நாற்காலிக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றாள். “இங்க பாரும்மா” என்றேன். தலையைத் தூக்கி நேராகப் பார்த்தாள். அந்த நொடியில் பொத்தானை அழுத்தினேன். படம் துல்லியமாக வந்திருப்பதை நீங்களே பார்த்தீர்கள். அதற்குப் பிறகுதான் அவள் வரப்புக்குப் போய்க் கழிகளைப் பார்த்திருக்கிறாள், உங்களிடம் வந்திருக்கிறாள். அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பார்வையில் வெறுப்பு இருக்கிறது என்கிறீர்கள். உங்களுக்குப் படம் பார்க்கத் தெரியவில்லை, ஐயா.

இப்போது நல்ல மனசோடு, “அஜாக்கிரதைன்னு எழுதிடலாம்பா, தண்டனை கொறையும்” என்கிறீர்கள். ஏதோ ஒரு போட்டோப் பைத்தியம், கழியை நகர்த்திவிட்டுத் திரும்ப நட மறந்துவிட்டது என்று எழுதத் தயாராக இருக்கிறீர்கள். கழுவின பிலிமில் கழிகளின் படம் இல்லாததுதான் உங்களுக்கு இடிக்கிறது. மழையில் எடுக்க மறந்திருப்பாய் என்று அதற்கும் நீங்களே பதில் எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

மறதி என் சுபாவம் இல்லை. பஸ் நின்றுபோயிருந்தது, வேறு பிலிம் வாங்க வழியில்லை, கேமராவில் ஒரு படத்துக்குத்தான் இடம் இருந்தது. அதைக் கழிகளுக்குச் செலவழித்துவிட்டால், மறுநாள் பாவாடை வந்து கூப்பிடும்போது நான் எதை எடுத்துக்கொண்டு போவேன்?