தட்டிப் பார்த்த சுவர்

— இதுக்கு மேல ஒண்ணும் பாக்க வேணாம் மேஸ்திரி. வெடிப்புல பட்டிய அப்பிட்டு பெயிண்ட்ட அடிச்சு விட்டுடுங்க.

— சொல்றேன் கேளுங்கக்கா. பூச்சு சுவரை விட்டுப் பொருமி நிக்குது. அதுமேல பெயிண்ட் அடிச்சா அடுத்த மழைக்குப் பாளம் பாளமா கீழ வரும். அப்புறம் என் பேருதான் நாறும்.

— அடுத்த மழைக்கு நான் இங்க இருந்தாத்தானே? குடி வர்றவங்க பாத்துக்கட்டும்.

— அவங்களும் மனுஷங்கதானே. பொருமின இடத்தைக் கொத்தி எடுத்துட்டுப் புதுசாப் பூசணும், அவ்வளவுதான் விஷயம். ஆனா எது பொருமல், எது கெட்டின்னு பாக்க உங்க காது கொஞ்சம் வேணும்.

— என் காதா? எதுக்கு?

— கல்லு அறுக்கற மெஷினைப் பிடிச்சுப் பிடிச்சு என் காது பாதி போச்சுக்கா. பக்கத்துல நின்னு நீங்க பேசறது கேக்குது. சின்னச் சத்தம் எதுவும் கேக்க மாட்டேங்குது. வீட்டுல சம்சாரம் திட்டறது மட்டும் எப்படியோ கேட்டுடுது.

— அது எந்த ஆம்பளைக்கும் கேக்காதுன்னு நெனச்சேன். என்னமோ போங்க, சுத்தியலைக் குடுங்க.

— இரும்புத் தலையால அடிக்காதீங்க. பிடியால, மெதுவா. டக்குன்னு வந்தா கெட்டி. தொம்முன்னு வந்தா பொருமல். நான் பக்கத்துல உள்ளங்கைய வச்சுக்கறேன். அதிர்வு கையில தெரியும்.

— இது தொம்மு.

— ஆமா, கையிலயும் குதிக்குது. இருங்க, சாக்பீஸ்ல வட்டம் போட்டுக்கறேன்.

— இதுவும் தொம்மு. இதோ, இதுவும். ஐயோ, இப்படியே போனா சுவரே மிஞ்சாது போலிருக்கே.

— மிஞ்சும், மிஞ்சும். அந்த ஜன்னலுக்குக் கீழ வாங்க. உள்ள யாராவது தூங்கறாங்களா? தொந்தரவா இருக்கப் போகுது.

— எங்க வீட்டுக்காரர்தான் படுத்திருக்கார். இடியே விழுந்தாலும் அவருக்கு ஒண்ணும் தெரியாது.

— உடம்புக்கு என்ன?

— மூளையில ரத்தம் அடைச்சுக்கிச்சு. ரெண்டு வருஷமா இப்படியே கிடக்கார். பேச்சு இல்ல, கண்ணு எங்கயோ பாக்கும். மூக்குல குழாய் வச்சுத்தான் கஞ்சி. ஒரு கையில மட்டும் விரல் லேசா அசையும்.

— அசையுதுன்னா நல்லதுதானே?

— நானும் அப்படித்தான் குதிச்சேன். நரம்பு தானா இழுக்கறதும்மா, அதுல அர்த்தம் தேடாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். நானும் தேடறத விட்டுட்டேன். நீங்க தள்ளி நில்லுங்க, தட்டணும். இது டக்கு.

— டக்குதான். அடுத்தது?

— இன்னைக்கு வண்டி வருது மேஸ்திரி. இப்படிப்பட்டவங்களப் பாத்துக்கற இடம் ஒண்ணு இருக்கு, அங்க கூட்டிட்டுப் போறாங்க. வீட்டை வாடகைக்கு விட்டுட்டு நான் பையன்கிட்ட போறேன். எல்லாம் என் கொழுந்தனார் ஏற்பாடு.

— சரிக்கா.

— என்ன சரி? மனசுக்குள்ள திட்டறீங்களா?

— நான் எதுக்குத் திட்டறேன்? எங்க அம்மா ஆறு மாசம் கிடந்தாங்க. அதுக்கே எனக்கும் சம்சாரத்துக்கும் நாக்கு தள்ளிடுச்சு.

— புரட்டிப் போட்டு, தொடைச்சு விட்டு, துணி மாத்தி... என் இடுப்பு இடுப்பாவே இல்ல. குளிக்கப் போனா அங்கயே உக்காந்து தூங்கிடறேன். போன வாரம் அவர்மேல கத்திட்டேன். என்னால முடியலைங்க, செத்துத் தொலைங்களேன்னு சொல்லிட்டேன். சொன்ன வாய்க்கு ஒரு பதில் வந்திருந்தாக்கூடத் தேவலை. அப்படியே கிடந்தார்.

— உக்காருங்கக்கா. கொஞ்சம் தண்ணி குடிங்க.

— வேணாம். தட்டி முடிச்சுடலாம். இது டக்கு. இதுவும் டக்கு. இந்தச் சுவர்மேல எனக்கு அந்தக் காலத்துலயே கோவம், தெரியுமா?

— சுவர் என்ன பண்ணுச்சு?

— நான் இங்க வெளிய துணி துவைச்சுட்டு இருப்பேன். மகாராசா உள்ள படுத்துட்டுப் பேப்பர் படிப்பார். டீ வேணும்னா வாய் திறந்து கூப்பிட மாட்டார். சுவத்துல மூணு தட்டு. நான் வரலைன்னா மறுபடியும் மூணு. நான் என்ன உங்க ஆபீஸ் பியூனான்னு சண்டைக்குப் போவேன். சிரிச்சுட்டே டம்ளரை நீட்டுவார்.

— எங்க வீட்டுல அப்படித் தட்டினா டீ வராது, கரண்டி வரும்.

— நான்தான் ஏமாந்தவ, கொண்டுபோய்க் குடுத்தேன். கட்டில் அப்ப சுவரோரமா இருந்துச்சு. படுத்துட்டதுக்கு அப்புறம் ரெண்டு பக்கமும் நின்னு புரட்டணுமேன்னு நடு ரூமுக்கு இழுத்தோம். நேத்துதான் கொழுந்தனார் வந்து திரும்பவும் சுவரோரமாத் தள்ளிட்டுப் போனார். ஸ்ட்ரெச்சர் வர வழி வேணுமாம். ஸ்... அப்பா, கை கடுக்குது. போதும் மேஸ்திரி.

— அக்கா, இந்த இடத்தை நீங்க சரியாக் கேக்கலை. டக்குன்னீங்க. பொருமல்தான் இது. கையில குதிக்குதே.

— கெட்டியாத்தான் கேட்டுச்சு.

— சொல்றேன் கேளுங்க. காது ஏமாத்தும், கை ஏமாத்தாது. இதோ, இப்பவும் குதிக்குது. நீங்க தட்டறத நிறுத்துங்க, வட்டம் போட்டுடறேன்.

— நான் எங்க தட்டறேன்?

— விளையாடாதீங்கக்கா. இதோ, இப்பக்கூட.

— மேஸ்திரி, சுத்தியல் கீழ கிடக்கு. உங்க கால்கிட்ட பாருங்க.

— அப்போ கையில எப்படி வருது?

— பேசாதீங்க. கொஞ்சம் பேசாம இருங்க. தள்ளுங்க, நான் காதை வைக்கறேன்.

— விட்டு விட்டு வருதுக்கா. மூணு மூணா வருது. ரொம்ப லேசா, நகத்தால தட்டற மாதிரி...

— ஐயோ... கடவுளே.

— அக்கா, வாசல்ல வெள்ளை வண்டி வந்து நிக்குது. ரெண்டு பேர் ஸ்ட்ரெச்சரோட இறங்கறாங்க. என்ன சொல்லட்டும்?

— நிக்கச் சொல்லுங்க. அவர் டீ கேக்கறார்.