பெரில் அடைத்த துவாரம்

இந்தக் காவல் நிலைய அறையைச் சூடாக்குகிற ரேடியேட்டரில் கீழ்ப்பாதிதான் சுடுகிறது, மேல்பாதி சில்லென்று கிடக்கிறது. உள்ளே காற்று அடைத்திருக்கிறது, வேறொன்றுமில்லை. பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருக்கும். சாவி போட்டுக் கொஞ்சம் திருப்பினால் உஸ்ஸென்று காற்று வெளியேறும், தண்ணீர் துளிர்த்ததும் மூடிவிட வேண்டியதுதான். நீங்களோ கோட்டைக் கூடக் கழற்றாமல், இரண்டு கையாலும் தேநீர்க் கோப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். இதைச் சரிசெய்ய ஆள் வரவேண்டும் என்று எத்தனை நாளாகக் காத்திருக்கிறீர்களோ, பாவம்.

சரி, வந்த காரியத்துக்கு வருகிறேன். உங்கள் அறிக்கையை நல்ல தெளிவாகத்தான் வாசித்துக் காட்டினீர்கள். என் தங்கை பெரில் க்ரேவன், கணப்பிலிருந்து கசிந்த நச்சு வாயுவால் தூக்கத்திலேயே இறந்துபோனாள். வீட்டிலிருந்த மூத்த பெண்மணிகள் இருவருக்கும் கோளாறின் அறிகுறிகள் புரியவில்லை. அறியாமையால் நேர்ந்த விபத்து. இப்படிக்கு தெல்மா க்ரேவன் என்று கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

போட மாட்டேன். அந்தப் 'புரியவில்லை'யை எடுத்துவிட்டுக் கொண்டுவாருங்கள். என்னைப் பற்றி வேறு என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்குக் கவலையில்லை.

கீத்லியில் கால்வாய்ப் பக்கம் குழாய்ச் சாமான் கடை ஒன்று இருந்ததே, அதன் கவுன்டரில் நான் முப்பது வருஷம் நின்றவள். ஊரில் இருக்கிற குழாய்க்காரர்கள் அத்தனை பேரும் அங்கேதான் வருவார்கள். "தெல்மா, கொதிக்கிற மாதிரி கடகடன்னு சத்தம் வருது, தண்ணி மட்டும் சுடவே மாட்டேங்குது" என்பார்கள். என்ன சாமான் வேண்டும் என்று நான் எடுத்துக் கொடுப்பேன். அவர்கள் போய் மாட்டிவிட்டு, வீட்டுக்காரியிடம் தாங்களே கண்டுபிடித்ததுபோலப் பீற்றிக்கொள்வார்கள். நான் அதைப் பெரிதுபடுத்தியதில்லை. ஆனால் அவர்களில் ஒருவன், டெரெக் என்பவன், எங்கள் வீட்டுப் பாய்லரைப் பார்த்துக்கொண்டவன், உங்களிடம் வந்து என்ன சொன்னான்? "பாவம், அந்த அம்மாவுக்கு என்ன தெரியும்" என்று சொன்னான். நீங்களும் அதை அப்படியே எழுதிக்கொண்டீர்கள். இன்று நான் இங்கே வாயைத் திறப்பதற்கு அவன்தான் காரணம்.

வீட்டு ரேடியேட்டர்களுக்கெல்லாம் வெந்நீர் அனுப்புகிற எங்கள் பாய்லர் பழைய மாதிரி. முன்னறையில் கேஸ் கணப்பு, அதற்குப் பின்னால் சுவருக்குள்ளே பாய்லர், புகை போவதற்குப் பழைய புகைபோக்கி. அந்த மாதிரிப் பாய்லர் மூச்சு விடுவது அறைக் காற்றில்தான். அதற்காகவே வெளிச்சுவரில் ஒரு துவாரம் விட்டிருப்பார்கள். மூடவே கூடாத துவாரம்.

எங்கள் தெருவிலோ, குளிர்காற்று நுழைகிற ஓர் இடுக்கைக் கண்டுவிட்டால் யாருக்கும் பொறுக்காது. கதவடியில் மணல் அடைத்த துணிப்பாம்பு, ஜன்னல் இடுக்கில் செய்தித்தாள், சாவி ஓட்டையில்கூடப் பஞ்சு. பெரில் அந்த விஷயத்தில் தெருவுக்கே தலைவி. தன் பழைய காலுறையைச் சுருட்டி அந்தத் துவாரத்தில் திணிப்பாள். நான் பிடுங்கி எறிவேன். மறுநாள் பார்த்தால் மறுபடி திணித்திருப்பாள்.

"ஏன்டி, உனக்கு எத்தனை தடவை சொல்றது? அதை அடைக்காதே, உயிருக்கே ஆபத்து."

"அந்தக் காத்து என் கணுக்காலை வெட்டுது அக்கா. உனக்கென்ன, உனக்கு உடம்புல ரத்தத்துக்குப் பதிலா வெந்நீர் ஓடுது."

"கம்பளிக் காலுறை போட்டுக்கோ."

"போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ரெண்டு ஜோடி. ஒண்ணைத்தானே உன் ஓட்டைக்குக் குடுத்தேன்."

இப்படியே சண்டை போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போன பிறகு வீடு, பாய்லர், பெரில், மூன்றும் என் பொறுப்பு. நான் குறை சொன்னதில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. அவளுக்கும் போதும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோடையில் தேவாலயத்துப் பெண்களோடு கடற்கரைக்குப் பேருந்தில் போனவள், க்ளைவ் என்ற பெயரோடு திரும்பி வந்தாள். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன், மனைவியை இழந்தவன், ஃபைலி என்ற அந்தக் கடற்கரை ஊரில் தனி வீடு. நல்ல மனிதன்தான். எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தான். என் பிளம் கேக்கை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவனைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது.

"அவர் வீட்ல ரேடியேட்டரே கிடையாதாம் அக்கா," என்றாள் பெரில், கண்ணெல்லாம் மலர. "தரைக்கு அடியிலேயே சூடு வருதாம். வெறுங்காலோட நடக்கலாமாம். அறுபத்தொரு வயசுல நான் வெறுங்காலோட நடக்கப் போறேன்."

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவனோடு போய்விடுவது என்று முடிவாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் போ என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் வயிறு எரிவது குற்றமில்லையே.

இலையுதிர் காலம் முழுக்க வெள்ளிக்கிழமையானால் அவள் ஃபைலிக்குக் கிளம்புவாள். வெள்ளிக்கிழமையானால் வீட்டில் ஏதாவது கோளாறும் வரும். ஒரு நாள் பம்ப் சுற்றவில்லை. ஒரு நாள் வெந்நீர் வரவில்லை. குழாய் உறைந்து வெடித்தால் அக்கா தனியாக என்ன செய்வாள் என்று அவள் பையைக் கீழே வைத்துவிடுவாள். ஒரு வால்வைக் கொஞ்சம் திருகி வைப்பது என்ன பெரிய விஷயம், திங்கட்கிழமை திறந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஓடும். டெரெக் இரண்டு தடவை வந்தான். தலையைச் சொறிந்துகொண்டு, "நீங்க எதையும் தொடாதீங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று எனக்கு உபதேசம் செய்துவிட்டு, ஒன்றும் கண்டுபிடிக்காமல் போனான்.

கடைசியில் பெரிலுக்கே சலித்துவிட்டது. "உன் பாய்லரைக் கட்டிக்கிட்டு நீயே அழு," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு வெந்நீர் இல்லாமல் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். நானே மூடிய வால்வு, எழுந்து போய்த் திறக்க மனமில்லை.

இனிமேல் சொல்வதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். வசந்த காலத்திலேயே எங்கள் புகைபோக்கியில் சாம்பல் கழுத்துக் காக்கைகள் சுள்ளி கொண்டுபோவதை நான் பார்த்தேன். டெரெக் வருஷத்துச் சோதனையை முடித்துவிட்டுப் போன பிறகு கட்டிய கூடு, அவன் பேரில் தப்பில்லை. புகைபோக்கி சுத்தம் செய்கிறவரைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். கோடை முழுக்க வெந்நீருக்கு மின்சார ஹீட்டர்தான், பாய்லர் அணைந்தே கிடந்தது, அதனால் அவசரமில்லை. பிறகு க்ளைவ் வந்தான், அந்த நினைப்பு போயிற்று. அது மட்டும் உண்மையான மறதி.

குளிர் வந்து பாய்லரைப் பற்றவைத்ததும், கூடு அடைத்த புகைபோக்கியில் ஏற முடியாமல் புகை அறைக்குள்ளேயே திரும்புவது கண்ணுக்குத் தெரிந்தது. சுடர் நீலமாக நிமிர்ந்து நிற்க வேண்டும். எங்கள் சுடர் மஞ்சளாகச் சோம்பிப் படுத்திருந்தது. கணப்புக்கு மேல் சுவரில் பழுப்புக் கறை. ஜன்னல் கண்ணாடியில் எந்நேரமும் வேர்வை. பெரிலுக்குத் தலைவலி, குமட்டல். நான் பெரும்பாலும் மாடியில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பவள், எனக்கு இலேசாகத்தான் இருந்தது. கடைக்கு வந்து யாராவது இப்படிச் சொல்லியிருந்தால், பேச்சை முடிக்கவே விட்டிருக்க மாட்டேன். கேஸை மூடு, கதவைத் திற, வெளியே ஓடு என்று கத்தியிருப்பேன்.

வீட்டிலும் அதைத்தான் சொல்ல இருந்தேன். நம்புங்கள், நம்பாமல் போங்கள். பெரில் ஃபைலியிலிருந்து திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை அது. அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். காக்கைக்கூட்டைப் பற்றி எப்படி ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் கோட்டைக் கூடக் கழற்றாமல் வந்து நின்றாள், கன்னமெல்லாம் சிவந்து.

"ஒண்ணு கவனிச்சியா அக்கா? அங்க போனா எனக்குத் தலைவலியே இல்லை. வாந்தி வர்ற மாதிரியும் இல்லை. இங்க கதவைத் திறந்து உள்ள காலை வெச்சா, பழையபடி ஆரம்பிச்சிடுது."

"கடல் காத்தா இருக்கும்," என்றேன்.

"கடல் காத்து இல்லை. இந்த வீடுதான் எனக்கு ஒத்துக்கலை. இத்தனை வருஷமா ஒத்துக்கலை போலிருக்கு, எனக்குத்தான் தெரியலை." பிறகு என் தோளைத் தொட்டு, "உன்னைச் சொல்லலை," என்றாள்.

என்னைத்தான் சொன்னாள். அந்த வீட்டில் என்னைத் தவிர வேறென்ன இருந்தது? ஒரு காக்கைக்கூடு செய்த வேலையைக் காதல் என்று நினைத்துக்கொண்டாள். அவளுடைய நோய் என்னவென்று ஒரே வாக்கியத்தில் என்னால் சொல்லியிருக்க முடியும். சொன்னால், தலைவலி போகும், அவளும் போவாள். நான் உருளைக்கிழங்கை உரித்து முடித்தேன்.

சனிக்கிழமை காலையில் க்ளைவ் வேனோடு வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை பனி கொட்டியது. மத்தியானம் நான் மாடிக்குப் போய் அவள் அறை ரேடியேட்டரை மூடினேன். சாயங்காலம் அவள் கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"அக்கா, இது செத்துப்போச்சு. கடைசி நாளும் உன் பாய்லர் எனக்கு வழி விடாது போல."

"வால்வு உள்ளே சிக்கிக்கிச்சு. இப்போ ஒண்ணும் செய்ய முடியாது. கீழே கணப்புகிட்ட சோபாவுல படு, கதகதப்பா இருக்கும். கணப்பை அணைக்க வேண்டாம்."

"நல்ல யோசனைதான்," என்றாள். கெட்டிக்காரி அக்கா என்று வேறு சொன்னாள்.

நானே விரித்தேன். நல்ல கம்பளிகளைப் போட்டேன், சுடுநீர்ப் பை வைத்தேன். துவாரத்தில் அவளுடைய காலுறை இருந்தது. எப்போதும்போல அவளேதான் திணித்திருந்தாள். எப்போதும்போல அதைப் பிடுங்குவதுதான் என் வேலை. அன்றைக்கு இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். நச்சு வாயுவுக்குக் கத்துகிற எச்சரிக்கைக் கருவி அலமாரி மேல் இருந்தது. அதுவரை அது கத்துமளவுக்கு வாயு சேர்ந்ததில்லை, அன்றிரவு சேரும் என்று எனக்குத் தெரியும். பேட்டரியை எடுத்துவிட்டேன். நீங்கள் வந்தபோது, பேட்டரி தீர்ந்து கீச்சுக்கீச்சென்று கத்தியதால் எடுத்தேன், வேறு மாற்ற மறந்துவிட்டேன் என்றேன் அல்லவா? அது புது பேட்டரி. என் கோட்டுப் பையில் இருக்கிறது, பாருங்கள்.

பெரில் பேசிக்கொண்டே இருந்தாள். ஃபைலியில் எனக்கும் ஓர் அறை இருக்கிறதாம், ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியுமாம், மாதம் ஒரு தடவையாவது நான் வரவேண்டுமாம். "வருவேல்ல?" என்று கேட்டாள். வருகிறேன் என்று சொல்லி அவள் நெற்றியில் முத்தமிட்டேன். கதவடித் துணிப்பாம்பை வெளிப்பக்கமாக நெருக்கி வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். என் ஜன்னலைத் திறந்து வைத்தேன். நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால் என்னைக் கல்நெஞ்சக்காரி என்பீர்கள். நன்றாகத்தான் தூங்கினேன்.

காலையில் முதலில் கேஸை மூடினேன், கதவுகளைத் திறந்தேன். சரியான முறை அதுதான். பெரிலின் முகம் ரோஜா நிறத்தில் இருந்தது. அந்த வாயு அப்படித்தான் செய்யும். வேனில் வந்து இறங்கிய க்ளைவ், அவள் தூங்குகிறாள் என்று நினைத்துக் காலணியைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே நடந்து போனான். நான் அவனைத் தடுக்கவில்லை.

ஆகவே திருத்தி எழுதுங்கள். கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது, தெல்மா க்ரேவன் கண்டுபிடித்தாள், வாரக்கணக்கில் முன்னாலேயே. சரிசெய்யத் தெரிந்தும் சரிசெய்யவில்லை. தங்கையை அந்த அறையில் படுக்க வைத்தது அவள், துவாரத்தை இறுக்கியது அவள், பேட்டரியை எடுத்தது அவள். கொலை என்று போடுங்கள், அந்தச் சொல்லுக்கு நான் பயப்படவில்லை. கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

வெளியே க்ளைவ் உட்கார்ந்திருக்கிறான், வரும்போது பார்த்தேன். அழுது அழுது முகமெல்லாம் வீங்கியிருக்கிறது. ஏன் செய்தாள் என்று அவன் கேட்பான். பொறாமை, தனிமை என்று நீங்களாக எதையாவது சொல்லிவைக்காதீர்கள். அவளைப் போகாதே என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை, அதை மட்டும் அவனிடம் சொல்லுங்கள்.