பின் சக்கரத்து நட்டு

பழைய வண்டிக்குப் பெரிய சக்கரம் போட்டால் பார்க்க எடுப்பாகத்தான் இருக்கும், ஐயா. ராஜபாண்டியனும் ஆசைப்பட்டுத்தான் கேட்டார். பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய பிக்கப் அவருடையது. மழை பெய்தால் கரிசல் பாதையில் அடிவயிறு தட்டி நின்றுவிடும். வேறு மாடல் வண்டியில் கழற்றிய பெரிய சக்கர டிஸ்க்குகளை எங்கிருந்தோ கொண்டுவந்து இறக்கி, "அண்ணாச்சி, இதை மாட்டிக் குடுங்க" என்றார்.

தாராளமாக மாட்டலாம். நட்டை மட்டும் பார்க்க வேண்டும். அந்த டிஸ்க்கில் துளையின் வாய் சரிவாக இருக்கும். கூம்பு மூக்கு வைத்த நட்டுதான் அதில் சரியாக உட்காரும். தட்டை நட்டைப் போட்டாலும் முறுக்கும்போது இறுகும், ஓட ஓடத் தளர்ந்துவிடும். என்னிடம் இருந்த கூம்பு நட்டுகள் பின் சக்கரங்களோடு தீர்ந்துபோயின. முன்னால் தட்டை நட்டைப் போட்டு அனுப்பினேன், சாத்தூரிலிருந்து சரக்கு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று. அது மனதறிந்து செய்த தப்பில்லை.

சில நாளில் முன் சக்கரம் ஆட ஆரம்பித்தது. டிரைவர் முனியராஜ் காலையில் என் கடை முன்னால் வண்டியை ஓரங்கட்டினான். வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாரும் இறங்கி என் கொட்டகையில் உட்கார்ந்தார்கள்.

கடை ஏழாயிரம்பண்ணை தாண்டிப் பொட்டலில் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் சீமைக்கருவேல்தான். வீட்டுக்காரி போன பிறகு அங்கேயே பொங்கித் தின்று அங்கேயே படுத்துக்கொள்கிறேன். பஞ்சர் ஒட்ட வருகிறவன் போனைப் பார்த்துக்கொண்டே நிற்பான், பார்த்துக்கொண்டே போவான். நாள் முழுக்கப் பேசாமல் இருந்து, சாயங்காலம் ஒரு வார்த்தை பேசினால் குரல் கம்மும். அன்றைக்கு என் கொட்டகை கல்யாண வீடு மாதிரி இருந்தது. பேச்சியம்மாள் என்று ஒருத்தி, வாய்த்துடுக்கு. "இந்தக் காட்டுக்குள்ள ஒத்தையிலயா கெடக்கீக? ஒங்களப் பிடிக்க வார பேய்தான் பாவம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். தூக்குவாளியைத் திறந்து எனக்கும் புளிச்சோறு வைத்தாள்.

கூம்பு நட்டு மறுநாளே வந்துவிட்டது. நான் மாற்றவில்லை.

வண்டி வரும்போதெல்லாம் அதே தட்டை நட்டைத் துடைத்து மாட்டினேன். நிதானமாகத்தான் மாட்டுவேன். "இந்த வண்டிக்கு ஒங்க கடையைக் கண்டாத்தான் கால் நோவுது, அண்ணாச்சி" என்பாள் பேச்சியம்மாள். பிந்திப் போனால் அவர்களுக்குக் கூலி குறையும். எனக்கும் அது வருத்தம்தான். அதனால்தான் எல்லாருக்கும் டீயும் வடையும் வாங்கி வைத்தேன்.

பிறகு முனியராஜ் உஷாராகிவிட்டான். ஸ்பேனர் ஒன்று வாங்கி வைத்து, கிளம்புமுன் முன் சக்கரங்களைத் தானே முறுக்கிக்கொண்டான். வண்டி என் கடையில் நிற்காமல் போக ஆரம்பித்தது. பேச்சியம்மாள் கை மட்டும் காட்டுவாள். தீபாவளி சீசன் முழுக்கப் பொறுத்துப் பார்த்தேன். தாங்க முடியவில்லை, ஐயா. சோறு இறங்கவில்லை.

பின் டயர் தேய்ந்து மாற்ற வந்தபோது, பின்னாலிருந்த கூம்பு நட்டுகளை எடுத்துக்கொண்டு தட்டை நட்டைப் போட்டேன். பின் சக்கரம் ஆடினால் ஸ்டீயரிங்கில் சட்டென்று தெரியாது. அது எனக்குத் தெரியும். சத்தம் கேட்டாவது நிறுத்துவான் என்று நினைத்தேன். அவன் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போவான் என்று யார் கண்டார்கள்?

என் கடையைத் தாண்டினதும் வருகிற கண்மாய்க்கரை வளைவில் சக்கரம் கழன்று ஓடியது. வண்டி கரையிலிருந்து உருண்டது. எல்லாருக்கும் முன்னால் ஓடியவன் நான்தான், விசாரித்துப் பாருங்கள். பேச்சியம்மாள் தலையை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம்தான் இருந்தாள். நான் அவளோடு பேசிக்கொண்டே இருந்தேன். இன்னும் இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் போய்விட்டார்கள். அவர்களுக்கு நான் கெடுதல் நினைத்ததே இல்லை.

நீங்கள் நல்லவர், இன்ஸ்பெக்டர் ஐயா. காலையிலிருந்து குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு இருக்கிறீர்கள். மனது லேசாக இருக்கிறது. அச்சங்குளம் போகிற வண்டி ஒன்றுக்கும் இதே மாதிரி மாட்டி விட்டிருக்கிறேன். அதுவும் ஆள் ஏற்றுகிற வண்டிதான். எந்த வண்டி என்று சொல்கிறேன், உட்காருங்கள். இப்போதே சொல்லிவிட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.