துவைத்த கொடி

கடலில் கட்டும் சிவப்புத் துணி இரண்டு மாதத்துக்கு மேல் நிறம் நிற்காது. உப்பும் வெயிலும் அதை வெளிறச் செய்துவிடும். அவ்வப்போது கழற்றித் துவைக்க வேண்டும். இதில் யாரும் குற்றம் காண முடியாது.

காலையில் திருகோணமலைத் துறைமுகத்தில் மிதவைகள் போடுவது என் வேலை. மாலையில் எங்கள் கழகத்துக்குக் கூடைப்பந்து. சம்பளத்துக்கு ஆடும் அணி. ஒன்பது பருவங்கள் முன்னணியில் ஆடினேன், அரையிறுதியைத் தாண்டியதில்லை. பத்தாவது பருவத்தில் என் முழங்கால் போனது. நான் மைதான ஓரத்து வாங்குப் பலகையில் உட்கார, என் இடத்துக்குத் தம்பி றிகாஸ் வந்தான். இறுதிவரை பதினான்கு போட்டிகளையும் வென்றோம்.

"நானாட முழங்கால் கதவு மாதிரி கிறீச்சிடுது, ஆராவது எண்ணெய் விடுங்கடா" என்பான் றிகாஸ். நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் அணியில் ஒரு வழக்கம் உண்டு. வென்ற அன்று, கடைசிக் கூடையைப் போட்டவன் சட்டையோடு பழைய இறங்குதுறையிலிருந்து தலைகீழாகக் கடலில் பாய வேண்டும். அந்தப் பருவத்தில் பதினொரு தடவை பாய்ந்தவன் றிகாஸ். அவனுடைய ஈரச் சட்டையை உம்மா காயப்போட்ட கயிறு, முன்பு என் சட்டை காய்ந்த கயிறு.

இறுதிப் போட்டிக்கு முதல் நாள், நானும் படகோட்டி ஸஹாப்தீனும் மிதவைகளை அசையாமல் கட்டி வைக்கும் கொங்கிறீட் கட்டைகளை அந்தத் துறையடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினோம். நீர்மட்டத்துக்கு ஒரு முழம் கீழே. பக்கத்தில் மூங்கில் நட்டுச் சிவப்பு எச்சரிக்கைக் கொடி கட்டினேன். மறுநாள் ஸஹாப்தீன் மூதூருக்குப் போயிருந்தார். மதியம் நான் கொடியைக் கழற்றினேன். அழுக்காக இருந்தது. மூங்கிலும் அழுக்காகத்தான் இருந்தது, அதையும் பிடுங்கினேன்.

போட்டி எங்கள் மைதானத்தில். நான்கு வினாடி மீதி, ஒரு புள்ளி பின்னால். ஒருவன் காயப்பட, பயிற்சியாளர் கிறிஸ்தோபர் என்னை இறக்கினார். பந்து றிகாஸிடம் இருந்தது. அவனுக்கு முன்னால் கூடை திறந்து கிடந்தது. அவன் போடவில்லை. என்னிடம் தள்ளினான்.

"போடுங்க நானா."

போட்டேன். கிண்ணம் எங்களுக்கு. எனக்கு அவன் பிச்சை போட்டதை ஆயிரம் பேர் பார்த்தார்கள்.

வெயில் சாயும் நேரம் எல்லோரும் துறைக்குப் போனோம். தண்ணீர் பளபளத்தது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

"இண்டைக்கு நானாதான் பாயணும். வருஷம் முழுக்கப் பாத்துக்கொண்டு நிண்டவர்" என்றான் றிகாஸ்.

"ஏலாது தம்பி, முழங்கால்."

"தண்ணிக்கு முழங்கால் தெரியுமா? வாங்க, கையப் புடிச்சுக்கொண்டு ரெண்டு பேரும் பாய்வம்."

கையை நீட்டினான். நான் பிடிக்கவில்லை.

"என்ர பங்கையும் நீயே பாய்" என்றேன்.

"சரி, நானாக்காக."

பாய்ந்தான்.

கொடியை மூங்கிலோடு அலை கொண்டுபோயிருக்கும் என்று விசாரணையில் எழுதினார்கள். தம்பிக்குத் தன் முறையை விட்டுக்கொடுத்தவன் என்று அவனுடைய ஜனாஸா ஊர்வலத்தில் என் தோளைத் தட்டினார்கள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, நான் துவைத்துப் போட்ட கொடி கயிற்றில் காய்ந்திருந்தது. நல்ல சிவப்பு.

வெற்றி மலருக்கு றிகாஸைப் பற்றி எழுதித் தரும்படி கழகம் கேட்டது. நினைவில் உள்ளதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன். அவன்மேல் எனக்குப் பொறாமை இருந்ததில்லை. நல்ல ஆட்டக்காரன். ஒரே குறை, யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்க அவனுக்குத் தெரியாது.