ஆறாம் நம்பர் சிரிப்பு

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் இளமதி. முதுநகரில் எல்லாக் கடையிலும் அப்படித்தான். நடிகர் தேவநாதனின் மகள் வந்திருப்பதாகச் சொன்னதும் என் மனைவி பவானி இரண்டு தடவை எட்டிப்பார்த்துவிட்டாள். டிவியில் உங்கள் அப்பா வந்தால் அவளுக்கு அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாது. அவர் கடைசியாகப் பேசியது மைக்கில் பதிவாகியிருக்குமா என்று கேட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். பதிவாகியிருக்கிறது, தருகிறேன். அதற்கு முன்னால் அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கேட்டாலும் புரியாது.

‘லிஃப்ட் வேலை செய்யாது’ டிவி தொடரை மேடை நாடகமாகச் சிதம்பரத்துக்குக் கொண்டுவருகிறார்கள் என்றதும் ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. கடலூர், வடலூர், காடாம்புலியூர் என்று வேன் பிடித்து வந்தார்கள். மைக்செட் நம்முடையது, பக்கிரி சவுண்ட் சர்வீஸ். சிரிப்பும் நம்முடையதுதான். டிவியில் ஜோக் முடிந்ததும் பின்னால் ஒரு சிரிப்பு கேட்குமே, அது இல்லாவிட்டால் எங்கே சிரிப்பது என்று தெரியாமல் நம் ஆட்கள் முழிப்பார்கள். அதற்காக லேப்டாப்பில் ஆறு சிரிப்பு ஏற்றிவைத்திருந்தேன். ஒன்றாம் நம்பர் மூக்கால் வருகிற சிரிப்பு. ஆறாம் நம்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது. ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் வேட்டி அவிழ்ந்தபோது நானே பதிவு செய்தது. மூன்று நாள் உட்கார்ந்து, எந்த வசனத்துக்கு எந்தச் சிரிப்பு என்று பென்சிலால் குறித்துவைத்தேன்.

மதியம் ஒத்திகையில் உங்கள் அப்பா அதைக் கேட்டார். “இன்னாய்யா இது, பொணத்துக்குக் கிச்சுகிச்சு மூட்ற மாதிரி? இது என் ஊரு ஜனம். நான் சும்மா வந்து நின்னாலே சிரிப்பாங்க. நீ அத ஆஃப் பண்ணிட்டு ஓரமா ஒக்காரு மச்சான்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கலைஞர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று பவானியிடமும் நாலைந்து தடவை சொல்லிவிட்டேன்.

அவர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. சாயங்காலம் மேடையில் வந்து நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், தொள்ளாயிரம் பேர் சிரித்தார்கள். ஒரு மணி நேரம் எனக்கு வேலையே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நாடகம் பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

பிறகு அந்தக் காட்சி. மாப்பிள்ளை தன் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு நிரந்தரமாகத் தங்க வருகிறான். மாமனார், அதாவது உங்கள் அப்பா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார். ஆறு நிமிடம் மற்றவர்கள் அவரைச் சுற்றிச் சண்டை போடுவார்கள். காப்பி என்று யாராவது சொன்னதும் ஒரு கண்ணைத் திறப்பார். சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். உங்கள் அப்பா விழுந்ததும் அரங்கம் அதிர்ந்தது.

அந்த ஆறு நிமிடம் அவருக்கு வசனம் கிடையாது. அதனால் அவர் சட்டை மைக்கை வெளியே கேட்காமல் இறக்கிவிட்டிருந்தேன். ஆனால் ஹெட்ஃபோனில் எனக்குக் கேட்கும். அது அவருக்கும் தெரியும், பழைய கை அல்லவா. “பக்கிரி, நெசமாவே வலிக்குது. திரைய எறக்கச் சொல்லு. டாக்டரக் கூப்புடு” என்றார். பெயரை ஞாபகம் வைத்திருந்தாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நடிக்கிறார் என்று நினைத்தேன் என்றுதான் போலீசில் சொன்னேன். உங்களிடம் எதற்குப் பொய்? இருபத்திரண்டு வருஷமாக ஹெட்ஃபோன் மாட்டுகிறவனுக்கு எது நடிப்பு, எது நிஜம் என்று தெரியாதா? ஆனாலும் நடக்கிற நாடகத்தைப் பாதியில் நிறுத்துவது மரியாதை இல்லை. எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தார்கள், பாவம்.

அவர் உள்ளங்கையால் மேடைப் பலகையில் இரண்டு தடவை தட்டினார். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். “ஏங்க, அவுருக்கு என்னமோ ஆவுதுங்க” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள். அரங்கம் அப்படியே அடங்கியது. மாப்பிள்ளையாக நடித்த ராஜவேல்கூட வசனத்தை நிறுத்திவிட்டுக் கீழே குனிந்து பார்த்தான். ஒரு தும்மல் போட்டிருந்தால் கடைசி வரிசைவரை கேட்டிருக்கும்.

நான் ஆறாம் நம்பரை அழுத்தினேன்.

நான்கு ஸ்பீக்கரிலும் அந்தக் கல்யாண வீட்டுச் சிரிப்பு வந்தது. நின்ற பெண் இரண்டு பக்கமும் பார்த்தாள், வெட்கப்பட்டு உட்கார்ந்தாள், வாயைப் பொத்திக்கொண்டு அவளும் சிரித்தாள். பிறகு எல்லோரும். ராஜவேல் விட்ட இடத்திலிருந்து வசனத்தைப் பிடித்துக்கொண்டான். சிரிப்பு தணியத் தணிய மறுபடி அழுத்தினேன், மொத்தம் நான்கு தடவை. காப்பி என்ற வசனம் வந்தபோது அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஐந்து நிமிடம் முன்னால் தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். எல்லா டாக்டரும் அப்படித்தான் சொல்வார்கள்.

இந்தாருங்கள், பென் டிரைவ். அப்பாவின் மைக் தனியாக இருக்கிறது, அரங்கத்தின் சத்தம் தனியாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்தும் ஒன்று போட்டிருக்கிறேன், அதைக் கேட்டால்தான் அருமை தெரியும். அழாதீர்கள். எனக்கு அவர் மேல் ஒரு கோபமும் கிடையாது. என் சிரிப்பு இல்லாமல் அந்த ஜனம் சிரிக்காது என்பதை அவர் தன் காதாலேயே கேட்டுவிட்டுத்தான் போனார்.