உலகம்மை திரும்பப் பெற்ற கண்டுபிடிப்பு

தலைமை தாங்கும் நெல்லையப்பன் அண்ணாச்சி அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, ஐந்தருவிக் கடைக்காரர்களே, மாணவச் செல்வங்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் உலகம்மையின் அண்ணன் பேச்சிமுத்து அவர்களே!

சீசன் நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறீர்கள். யாருக்காக? முனைவர் உலகம்மைக்காக. ரத்தப் புற்றுநோய் கொண்டுபோய்விட்ட எங்கள் உலகம்மைக்காக! அவரோடு இயற்பியல் துறையில் பணியாற்றிய பெஞ்சமின் நான்.

அவர் ஆராய்ந்தது எதை? பெரிய நட்சத்திரம் ஒன்று வெடித்தால் அதன் எச்சம் மேகம்போல் விரிந்து கிடக்கும். அதற்குள் தூசி உண்டாகும். குளிர்ந்த தூசி கண்ணுக்குத் தெரியாது. அது விடும் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிரில் பார்க்கலாம். விண்வெளித் தொலைநோக்கி எடுத்த அகச்சிவப்புப் படங்களை ஆராய்ந்து, ஓர் எச்சத்தில் யாரும் எதிர்பாராத அளவு தூசி இருப்பதாக உலகம்மை எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது! வெளிநாட்டு மாநாடுகள் அழைத்தன. தென்காசி பஸ் ஸ்டாண்டில் பேனர் வைத்தோம்.

பிறகு இன்னும் கூர்மையான படங்கள் வந்தன. எச்சத்தின் விளிம்பைத் தாண்டியும் அதே ஒளி பரவிக் கிடந்தது. அவர் அளந்த தூசியில் பெரும்பகுதி, நமக்கும் அந்த எச்சத்துக்கும் நடுவே இருந்த வேறொரு மேகத்துடையது! வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர் பேசாமல் இருந்திருக்கலாம் அல்லவா?

கட்டுரையைத் திரும்பப் பெறப்போவதாக அவர் சொன்ன அன்று, அவர்கள் வீட்டில் நானும் இருந்தேன். பேச்சிமுத்து அண்ணாச்சி கத்தினார்: “ஏட்டி, கிறுக்கா புடிச்சிருக்கு? ஊரே மெச்சுதத நீயே போயி இல்லங்குத?”

“அண்ணே, அது அங்கன உள்ள தூசி இல்ல. எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்ச பெறகு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கிளாசுக்குப் போவேன்?”

கட்டுரையைத் திரும்பப் பெற்றார். என்ன கிடைத்தது? முன்பு அழைத்தவர்கள் மறுபடி அழைக்கவில்லை. ஆய்வு நிதி நின்றது. பேனரைக் காட்டிச் சிரித்தவர்கள் இந்த ஊரிலும் உண்டு. அவர் அழுததை நான் பார்த்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனதையும் பார்த்தேன்.

நடுவில் கிடக்கும் தூசியைக் கழித்துவிட்டு, மாணவி மாஜிதாவோடு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அப்போதுதான் நோய் வந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில், கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்க, மாஜிதாவிடம் சொன்னார்: “கொஞ்சந்தான் மிஞ்சுது. அந்தக் கொஞ்சமாச்சும் நெசமா அந்த நட்சத்திரத்தோடதான்னு இன்னொருவாட்டி பாரு. எனக்காகக் கூட்டிச் சொல்லிராத.”

அதன் விடை தெரியாமலே அவர் இறந்துபோனார். இதில் ஆறுதலாகச் சொல்ல என்ன இருக்கிறது? எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நண்பர்களே.

அந்த வேலையை மாஜிதாவும் நானும் தொடர்கிறோம். இந்த அவையின் முன் சொல்கிறேன்: தூசி அங்கே இருக்கிறது என்று உறுதியானால், உலகம்மையின் பெயரை முதலில் போட்டு வெளியிடுவோம். இல்லையென்று தெரிந்தால்?

பேச்சிமுத்து அண்ணாச்சி, நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதையும் அவர் பெயரை முதலில் போட்டே வெளியிடுவோம்.